பச்சரிசி மாத்திரை

பாறசாலைச் சந்தையின் வடக்கு மூலையில் சோடாக் கம்பெனி வைத்திருந்த பொன்னப்பனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருப்பதாக ஐம்பத்து நாலாம் வருஷம் ஆனி மாதம் வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவனும் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஓலை வேய்ந்த ஒரு சாய்ப்பு, கையால் சுற்றுகிற ஓர் இயந்திரம், கழுத்தில் கோலி அடைத்த நூற்றிருபது குப்பிகள், அவ்வளவுதான். ஆனாலும் காற்றைப் பிடித்துக் குப்பிக்குள் அடைக்கத் தெரிந்தவன் என்கிற மிதப்பு அவன் நடையிலேயே தெரியும்.

ஒரு தடவை குப்பி ஒன்று வெடித்து, அதன் கோலி ஐந்து மைல் பறந்து, காரோடு என்ற ஊரில் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த கஞ்சிக்குள் விழுந்தது என்பான். அந்த மனிதர் அதைத் துடைத்து ஆள் வசம் கொடுத்தனுப்பினாராம். கேட்டவர்களுக்கு அந்தக் கோலியை எடுத்துக் காட்டவும் செய்வான். மற்றக் கோலிகளைப் போலத்தான் இருக்கும். "பாத்தியா, ஒரு கீறல் இல்ல. அதாக்கும் அதிசயம்" என்பான்.

அது தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே எல்லையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த காலம். பாறசாலை தமிழோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் தொண்டை வறண்டது. பொன்னப்பன் இரண்டு பேருக்கும் சோடா உடைத்தான். ஆனால் மனசு தமிழ்ப் பக்கம். எல்லைக் கமிட்டியில் அவன் மெம்பர். தமிழுக்காக அவன் பேச எழும்பினால் பொறி பறக்கும். பேச்சு சூடேறி உச்சத்துக்குப் போகும்போது தன்னையறியாமல் மலையாளத்துக்குப் போய்விடுவான். அதை யாரும் கவனித்ததில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கூடவே போயிருப்பார்கள்.

அவன் மனைவி ஓமனா. ஒற்றசேகரமங்கலத்துக்காரி. மலையடிவாரத்து ஈரத்தில் வளர்ந்த பெண்ணுக்கு ஏழு வயதிலிருந்தே மூச்சிழுப்பு. மழை தொடங்கினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பொன்னப்பன் பெண் பார்க்கப் போனபோது நல்ல வெயில் காலமாக இருந்தது. பூனைக்குட்டி சத்தம் போடவில்லை.

இழுப்பு வருகிற நாளில் ஓமனாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் பெரிய செலவு. அதனால் தேவையானதை மட்டும்தான் சொல்வாள். பொன்னப்பனுக்கு வார்த்தை ஓசி. அந்த வீட்டில் யார் சொல் எடுபட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணம் ஆன இரண்டாம் வருஷம் ஒரு பிள்ளை தங்கி, நாலாம் மாதத்தில் போயிற்று. அப்போது ஓமனா இழுப்புக்காக ஏதோ ஒரு குப்பி மருந்து குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை போனதற்கு முந்தின வாரம் மூன்று நாள் உட்கார்ந்தபடியே மூச்சுக்கு முட்டிக்கொண்டிருந்தாள் என்பதைப் பொன்னப்பன் மறந்துவிட்டான். மருந்தை மறக்கவில்லை. அந்தக் குப்பியை எடுத்துச் சோடாச் சாய்ப்பின் பின்னால் குழி தோண்டிப் புதைத்தான். அதைப்பற்றி யாரிடமும் அவன் பேசியதே இல்லை. பொன்னப்பன் பேசாத ஒரே விஷயம் அதுதான்.

இரண்டாவது முறை மூன்று மாதம் ஆனதும் ஓமனாவைத் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கே ரோசம்மா என்று ஒரு நர்ஸ் இருந்தார். பிரசவம் பார்ப்பதில் இருபது வருஷப் பழக்கம். அதில் புருஷன்மாரைத் திட்டிய பழக்கமும் இருபது வருஷம். டாக்டர் எழுதிக் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரைகளை ஒரு தகர டப்பியில் போட்டுக் கொடுத்தார்.

"நாளொண்ணுக்கு மூணு. இழுப்பு வந்தாலும் வராட்டாலும் முடக்கப்பிடாது."

"சிஸ்டரே, இது வயித்துல உள்ள பிள்ளைக்குப் போவுமா?" என்றான் பொன்னப்பன்.

"அம்மை திங்கியது எல்லாம் பிள்ளைக்குப் போவும். அதுக்காக்கும் அம்மை."

அதற்குப் பிறகு ரோசம்மா இன்னும் கொஞ்சம் பேசினார். மாத்திரைக்குப் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் பிள்ளையைத் தொலைக்கிறார்கள், மாத்திரை செய்கிற கெடுதலைவிட இழுப்பு செய்கிற கெடுதல் பத்து மடங்கு என்றெல்லாம் சொன்னார். பொன்னப்பன் பலமாகத் தலையாட்டினான். ஆனால் அவன் காது "பிள்ளைக்குப் போவும்" என்பதோடு கடையைச் சாத்திவிட்டது.

வீடு வந்து சேரும் வரை பஸ்ஸில் கணக்குப் போட்டான். ஓமனா இவ்வளவு பெரிய ஆள், அவளுக்கு இவ்வளவு சின்ன மாத்திரை. பிள்ளை கட்டைவிரல் பருமன். அப்படியானால் பிள்ளைக்கு அது மாத்திரையா? அம்மிக்கல் அல்லவா? நாளைக்கு மூன்று அம்மிக்கல். தலையில்.

இரண்டு மாதம் பொறுத்தான். ஐந்தாம் மாதத்தில் அந்த வேலையைச் செய்தான்.

பச்சரிசி மாவு கொஞ்சம். நிலவேம்புக் கஷாயம் இரண்டு சொட்டு, கசப்புக்காக. பிசைந்து பலகையில் பரத்தி, பேனா மூடியால் அழுத்தி எடுத்தால் அச்சு அசல் மாத்திரை. வெயிலில் இரண்டு நாள் காயவைத்துத் தகர டப்பியில் நிரப்பினான். ஆஸ்பத்திரி மாத்திரைகளை ஓடையில் கொட்டினான். அந்த வாரம் பூராவும் ஓடைத் தவளைகள் இளைப்பே இல்லாமல் கத்தியதாகப் பிற்பாடு அவனே சொன்னான். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா என்றும் சேர்த்துச் சொல்வான்.

தன் கைவேலையில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது காட்ட முடியவில்லையே என்று மட்டும்தான் வருத்தம். தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு ஒரு மாத்திரைக் கம்பெனி தொடங்கலாமா என்றுகூட யோசித்தான்.

ஓமனா நாளைக்கு மூன்று பச்சரிசி மாத்திரை தவறாமல் விழுங்கினாள். பத்தே நாளில் பூனைக்குட்டி வந்தது. பிறகு அது வளர்ந்தது. ஆறாம் மாதம் முடிகிறபோது நாலு எட்டு நடந்தால் நின்று சுவரைப் பிடித்தாள். படுக்க முடியவில்லை. நெல்லுப் பத்தாயத்தின் மேல் தலையணை வைத்து அதில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

"மாத்திரை... கேக்கல்ல" என்றாள் ஒரு நாள்.

"மழைக்காலமில்லியா பிள்ளே, அப்பிடித்தான் இருக்கும். ஒரு சோடா குடி. உள்ள காத்து போதாதவங்களுக்குக் காத்து உள்ள சாதனமாக்கும் நல்லது."

சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டாள். மூச்சு இன்னும் முட்டியது. மருந்து எடுபடவில்லை என்றால் இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று அவளாகவே நாலு, ஐந்து என்று விழுங்கத் தொடங்கினாள். டப்பி சீக்கிரம் காலியாவதைப் பார்த்துப் பொன்னப்பன் மறுபடியும் மாவு பிசைந்தான். இந்தத் தடவை நடுவில் ஒருமுறை நிறுத்தி, ஓமனாவின் நெஞ்சுச் சத்தத்துக்குக் காது கொடுத்தான். ஆனாலும் பிசைந்தான்.

இந்த நேரத்தில்தான் கூட்டம் கூடக்கூடாது என்று தடை உத்தரவு வந்தது. ஐந்து பேருக்கு மேல் ஒரு இடத்தில் நின்றால் போலீஸ் பிடிக்கும். கமிட்டிச் செயலாளர் செல்லசாமி தையல்காரர். அளவெடுப்பதிலும் திட்டம் போடுவதிலும் கெட்டிக்காரர். அவர் சோடாக் கம்பெனிக்கு வந்து, அரைக் குப்பி குடித்துவிட்டு, குரலை இறக்கினார்.

"எலே பொன்னப்பா, ஓமனாவுக்கு இப்பம் எத்தன மாசம்?"

"ஏழு பிறக்கப் போவுது."

"அப்பம் வயற்றுப் பொங்கல் உண்டில்லியா?"

ஏழாம் மாதத்தில் கர்ப்பிணியின் வயிற்றை உத்தேசித்து முற்றத்தில் பொங்கலிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு அடுப்பு, ஒரு பானை, உறவுப் பெண்கள் நாலு பேர். அவ்வளவுதான்.

"கூட்டம் போடப்பிடாதுன்னு உத்தரவு. பொங்கல் போடப்பிடாதுன்னு உத்தரவு உண்டுமா?" என்றார் செல்லசாமி. "நாப்பத்தியொரு பானை வைப்போம். பொம்பளையளு பானையோட வரட்டு. ஆம்பளையளு விறகு சுமந்துட்டு வரட்டு. நான் பூசாரியாட்டு நின்னு சாமி கும்பிடுத மாதிரி கமிட்டித் தீர்மானத்த வாசிச்சிருதேன். எவன் கேப்பான்?"

பொன்னப்பனுக்குப் புல்லரித்தது. தன் வீட்டு முற்றத்தில் தமிழ் வரலாறு பொங்கப் போகிறது. தன் மனைவியின் வயிறு கமிட்டி நடவடிக்கையில் ஏறப் போகிறது.

வீட்டில் போய்ச் சொன்னான். ஓமனா பத்தாயத்தில் சாய்ந்தபடி கேட்டாள்.

"ஒரு பானை... போதும்."

"நாப்பத்தியொரு பானைன்னா நாப்பத்தியொரு ஆசீர்வாதமாக்கும் பிள்ளே."

"புகை" என்றாள் ஓமனா.

ஒரே வார்த்தை. ஒரு வார்த்தையை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ள முடியுமா? கமிட்டியில் எதிர்ப்பு என்றால் குறைந்தது அரை மணி நேரம் பேசுவார்கள். எனவே ஏகமனதாக நிறைவேறியது என்று பொன்னப்பன் எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை பொங்கல். அதற்கு முந்தின இரண்டு நாளும் அடைமழை. கொதும்பு, மட்டை, தொண்டு என்று தென்னையிலிருந்து விழுந்த எரிக்கத் தக்க சாதனம் எல்லாம் நனைந்து ஊறிக் கிடந்தது. காரோட்டிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பெண்கள் பானையோடு வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மிணி அக்காதான் தலைமை. ஓமனாவை முற்றத்தின் நட்டநடுவில் ஒரு பலகையில் உட்காரவைத்தாள். சுற்றி நாற்பத்தொரு அடுப்பு. ஒரே நேரத்தில் தீ வைத்தார்கள்.

தீ பிடிக்கவில்லை. புகை பிடித்தது.

எழும்பிய புகையைப்பற்றிப் பொன்னப்பன் சொல்கிற கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேய்மழை வருகிறதென்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பான். காட்டாக்கடைச் சந்தையில் ஆட்டுக்காரர்கள் ராத்திரி ஆயிற்றென்று கொட்டிலுக்குத் திரும்பினார்கள் என்பான். ஆனால் முற்றத்தில் பக்கத்தில் நிற்கிற ஆளின் முகம் தெரியவில்லை என்பது உண்மை. அந்தப் புகைக்குள்ளிருந்து செல்லசாமியின் குரல் மட்டும் வந்தது.

"அம்மே தாயே... பாறசாலையத் தமிழோட சேத்துவைக்கணுமே... அம்மே... இந்தத் தீர்மானத்த பொன்னப்பன் வழிமொழியணுமே..."

பொன்னப்பன் வழிமொழிய எழும்பினான். நெஞ்சை நிமிர்த்தினான். ஒரு தீர்க்க சுவாசம் எடுத்தான். புகை உள்ளே போய் இருமல் வந்தது. இருமி முடிக்கிறபோதுதான் இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. அது சத்தம்கூட இல்லை. ஓமனாவிடமிருந்து எப்போதும் வருகிற அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அம்மிணி அக்கா அலறினாள். "எக்கா, எல்லாரும் ஓடி வாங்க! இவளுக்குச் சுண்டு நீலமாட்டு வருது!"

பொன்னப்பன் போய்ப் பார்த்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஓமனா இரண்டு கையையும் பலகையில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கிக் காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். காற்று உள்ளே போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சத்தம் வருவதற்கும் கொஞ்சம் காற்று வேண்டுமே. அவள் மடியில் தகர டப்பி திறந்து கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து விழுங்க முயன்றுகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. ஏறுகிறவன் இடி வாங்காமல் இறங்குவதில்லை என்பதால் ஊர்க்காரர்கள் அதை இடிவண்டி என்றுதான் சொல்வார்கள். புகையைக் கண்டு சந்தையில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வந்த வண்டி அது. கிருஷ்ணன்குட்டி ஏட்டு இறங்கி, "எந்தா இவிடே?" என்று கேட்டபோது நாற்பத்தொரு அடுப்பைச் சுற்றி நூறு பேர் நின்றார்கள். அடுத்த முறை அவர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தபோது ஆண்கள் ஒருவர்கூட இல்லை. செல்லசாமி வாழைத் தோப்புக்குள் ஓடிய வேகத்தில் பூசாரி வேஷ்டி ஒரு குலையில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. பொன்னப்பன் மட்டும் நின்றான். ஓமனாவைத் தாங்கிப் பிடித்திருந்ததால் ஓட முடியவில்லை. இல்லாவிட்டால் ஓடியிருப்பேன் என்று அவன் பிற்பாடு ஒத்துக்கொண்டான்.

ஏட்டு ஓமனாவின் உதட்டைப் பார்த்தார். தடை உத்தரவைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"பிடிக்கெடோ. வண்டியில கேற்று."

பொன்னப்பன் தலைப்பக்கமும் ஏட்டு கால்பக்கமும் பிடித்து இடிவண்டியில் ஏற்றினார்கள். வாழைத் தோப்பிலிருந்து நாற்பது ஜோடிக் கண்கள் அதைப் பார்த்தன. கர்ப்பிணி மனைவியோடு பொன்னப்பனைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போகிறது! வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் சேதி களியக்காவிளையைத் தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. வேறொரு கேஸுக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பினார்கள், வர அரை மணி ஆகும். அவசரத்துக்கு ஊசி போட ரோசம்மாவுக்கு அனுமதி உண்டு. ஓமனாவை நிமிர்த்தி உட்காரவைத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏழு மாசமா இது? அஞ்சு மாச வயிறுல்லா இருக்குது. பிள்ளை வளரவே இல்லியே." ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டார். "மக்கா ஓமனா, இண்ணைக்குக் காலத்தே எத்தன மாத்திரை போட்டா?"

ஓமனா ஒரு கையை விரித்துக் காட்டினாள். பிறகு இன்னொரு கையில் இரண்டு விரல்.

ஊசி அப்படியே நின்றது.

"ஏழா? ஏழு மாத்திரை உள்ள போயும் இழுப்பு அடங்கல்லியா?" ரோசம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "அந்த மாத்திரையும் நெஞ்சைப் படபடன்னு அடிக்க வைக்கும். இந்த ஊசியும் அடிக்க வைக்கும். ஏழுக்கு மேல இதயும் போட்டா நெஞ்சு தாங்காது. டாக்டர் வரட்டு. வேற வழி இல்ல."

அரை மணி.

ஓமனா அரை மணி இருப்பாளா என்பது பொன்னப்பனுக்குத் தெரியாது. தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது என்பதை அந்த இடத்தில்தான் அவன் முதன்முதலாகக் கண்டான். வாயைத் திறந்தான்.

"சிஸ்டரே... சில ஆளுகளுக்கு ஏழு தின்னாலும் ஒடம்புல ஏறாது, இல்லியா?"

"என்ன உளறுதா?"

"இல்ல, மாத்திரையில சில மாத்திரை... வீரியம் கொறஞ்ச மாத்திரையும் உண்டில்லியா? வெயில்ல வச்சா... அரிசி மாதிரி..."

"எலே, அவ இஞ்ச மூச்சுக்குக் கெடந்து அடிக்கா, நீ எனக்கு அரிசி வெல சொல்லுதியா?"

ஓமனாவின் நகங்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன. கண்கள் பொன்னப்பன் மேல்தான் இருந்தன. கமிட்டியில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒன்றரை மணி நேரம் பேசக்கூடிய ஆள், இப்போது ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். 

"அது மாத்திரை இல்ல சிஸ்டரே. பச்சரிசி மாவாக்கும். நானாக்கும் செஞ்சது. ரெண்டு மாசமாட்டு அவ ஒரு மாத்திரையும் திங்கல்ல. நீங்க தந்தத நான் ஓடையில கொட்டினேன். முந்தின பிள்ளை மருந்தாலதான் போச்சுன்னு... இதும் போயிருமோன்னு பயந்து..."

அறையில் எல்லாரும் கேட்டார்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோசம்மா அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரம் இல்லை. தட்டிலிருந்து ஊசியை எடுத்து ஓமனாவின் கையில் போட்டார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நிமிஷம். அப்புறம் மெதுவாக, எங்கோ தூரத்தில் இருப்பது போல, பூனைக்குட்டி கத்தத் தொடங்கியது. அவ்வளவு இனிமையான சத்தத்தைப் பொன்னப்பன் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சத்தம் பலத்தது, பிறகு நீண்டது, பிறகு தேய்ந்தது. ஓமனாவின் தோள் இறங்கியது. உதடு வெளுத்து, பிறகு சிவந்தது.

கால் மணி நேரம் கழித்து ஓமனா பேசினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நிறுத்தாமல் சொன்ன முழு வாக்கியம் அது.

"கசப்புக்கு என்ன போட்டிய?"

"நிலவேம்பு" என்றான் பொன்னப்பன்.

"அதாக்கும் அந்தக் கசப்பு நாக்குல வேற மாதிரி கெடந்தது" என்றாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் அவனிடம் பேசவில்லை. இந்தத் தடவை மூச்சு இல்லாததால் அல்ல.

ரோசம்மாவுக்கு இப்போது நேரம் கிடைத்தது.

"இஞ்ச வா. உன் வாயப் பொத்து. மூக்கையும் பிடி. பிடிலே! ம், எம்பிடு நேரம் நிப்பா? கண்ணு பிதுங்குது, இல்லியா? வயித்துல உள்ள பிள்ளைக்கு மூக்க வெளிய நீட்டியா வச்சிருக்கு? அம்மைக்குக் கிட்டுத காத்துல பங்குதான் அதுக்கு. அம்மைக்கே இல்லேன்னா அது என்னத்த எடுக்கும்? முந்தின பிள்ளை எதுனால போச்சுன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனா மூச்சு முட்டிக் கெடந்தா பிள்ளை சுருங்கும், நாளுக்கு முந்திப் பிறக்கும், அம்மைக்கே ஆபத்து வரும். அது எனக்குத் தெரியும். பத்து அம்மிக்கல்லு தலையில வச்சாலும் இந்த அளவு கேடு வராது."

பொன்னப்பன் திடுக்கிட்டான். அம்மிக்கல் கணக்கை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"சிஸ்டருக்கு அது எப்பிடித் தெரியும்?"

"எல்லாப் புருஷனும் அந்த அம்மிக்கல்லத்தான் சொல்லுவான். உன்ன மாதிரி மாவு பிசைஞ்சவன் மட்டும்தான் இதுவர வரல்ல."

மறுநாள் பாறசாலையில் கடையடைப்பு. பொன்னப்பனைக் கைது செய்ததைக் கண்டித்து. பொன்னப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தபோது சந்தை வெறிச்சென்று கிடந்தது. யாருக்காக என்று கேட்டான். உனக்காகத்தான் என்றார்கள்.

ஒரு வாரம் கழித்து, ஒரு மரக்கடைப் பின்கட்டில் கதவை அடைத்துக்கொண்டு அவனுக்குப் பாராட்டு. தடை உத்தரவு அமலில் இருந்ததால் கோஷங்களைக் குசுகுசுவென்று போட்டார்கள். கை தட்டுவதற்குப் பதிலாக உள்ளங்கைகளைச் சத்தமில்லாமல் தேய்த்துக்கொண்டார்கள். செல்லசாமி புது வேஷ்டியில் வந்து மாலை போட்டார்.

பொன்னப்பன் எழும்பினான். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று வந்திருந்தான்.

"என்னைய ஒருத்தரும் கைது செய்யல்ல. நான் எனக்க பெண்டாட்டிக்கு மருந்துன்னு சொல்லி மாவு உருட்டிக் குடுத்தேன். அவ நம்பித் தின்னா. நம்பித் தின்னு சாவக் கெடந்தா. எனக்க முட்டாத்தனம்."

 செல்லசாமிக்குக் கண் கலங்கியது. "பாத்தியளா! சர்க்கார் நம்மளுக்குத் தாற வாக்குறுதியத்தான் மாவு உருண்டைங்கான். என்ன ஒரு பேச்சு!" என்று பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். ஐம்பது பேர் உள்ளங்கைகளைத் தேய்த்தார்கள். தேய்த்த தேய்ப்பில் மரக்கடை சூடாகிப்போனது. பொன்னப்பன் இன்னும் இரண்டு தடவை விளக்கிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் தேய்ப்பு பலத்தது. கடைசியில், "நேரமாச்சு, மாத்திரை குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு மாலையைச் செல்லசாமியின் கழுத்திலேயே போட்டுவிட்டு நடந்தான். அதற்கும் தேய்த்தார்கள்.

மாத்திரை கொடுக்கிற வேலை இப்போது அவனுடையது. ரோசம்மா டப்பியை அவன் கையில்தான் கொடுத்திருந்தார். ஓமனா ஒவ்வொரு மாத்திரையையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள், அவன் முகத்தைப் பார்ப்பாள், பிறகு விழுங்குவாள். நாளைக்கு மூன்று தடவை அந்தப் பார்வை. அடுப்பை வீட்டுக்கு வெளியே ஒரு ஓலைச் சாய்ப்புக்கு மாற்றி, பொன்னப்பனே கஞ்சி வைத்தான். அம்மிணி அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தலைவரு கஞ்சி வைக்காரு, அடி பிடிக்குது" என்று ஊருக்கே சொன்னாள். ஓமனா நாலு எட்டு நடந்தாள், பிறகு நாற்பது. வயிறும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. ஆனால் போன இரண்டு மாதத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

ஆடிக் கடைசியில் தெற்கே எல்லைப் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஊர் அடங்கிப்போயிற்று. அதன் பிறகு கொஞ்ச நாள் பொன்னப்பன்கூடச் சத்தமாகப் பேசவில்லை. ஆவணியில், கணக்குக்கு மூன்று வாரம் முந்தியே, ஓமனாவுக்கு வலி வந்தது. சாதாரண பஸ்ஸில்தான் போனார்கள்.

பிரசவ அறைக்கு வெளியே பொன்னப்பன் நின்றான். பிரசவ வலியோடு இழுப்பும் வந்துவிடுமோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே ஓமனா அலறினாள். நீளமாக, பலமாக, மூச்சுப் பிடித்து அலறினாள். அலறுவதற்கு அவளுக்குக் காற்று இருக்கிறது என்று அவன் அழுதான். பக்கத்தில் நின்ற ஒரு ஆள் அவனைப் பார்த்து விலகிப் போனார்.

பெண் பிள்ளை. நாலேகால் ராத்தல். ரோசம்மா ஒரு துணிச் சுருளைக் கொண்டுவந்து காட்டினார். துணிதான் அதிகம், பிள்ளை கொஞ்சம்.

"குறை ஒண்ணும் இல்ல. நல்லா அழுதா. சின்னதாட்டு இருக்கா, அம்பிடுதான்." அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ கொஞ்சம் சின்ன ஆளா இருந்திருந்தா, இவ கொஞ்சம் பெரிசா இருந்திருப்பா."

உள்ளே போக விட்டார்கள். ஓமனா தலையணையில் சாய்ந்திருந்தாள். நெஞ்சில் சத்தம் எதுவும் இல்லை. பிள்ளை பக்கத்தில் கிடந்தது. பொன்னப்பன் முக்காலியில் உட்கார்ந்து குனிந்தான். உள்ளங்கை அகலமுள்ள அந்த நெஞ்சு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. இடையில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது, பிறகு ஏறியது. அவன் கண் எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். பிள்ளையின் நெஞ்சு நிற்கிற மாதிரி தெரிந்தபோதெல்லாம் அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஓமனாவுக்குத்தான் பயம் வந்தது.

"என்னத்த பாக்கிறிய?"

"மூச்சு விடுதாளான்னு பாக்கேன்."

"அவ விடுதா" என்றாள் ஓமனா. "நீங்க விடுங்க."